டிக்டாலிக் மண்டை ஓடு, துடுப்பு ரெசின் காஸ்ட் செட்: ஸுவாலஜி எடுக்குறவங்க வாங்கலாமா?

டிக்டாலிக்ங்குறது 37.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த, பாதி மீன் பாதி நாலுகால் உயிரினம் மாதிரியான ஒரு மீன். எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வாங்குன அதோட காஸ்ட் செட் (ஃபாசில அச்செடுத்து ரெசின்ல வார்த்த நகல்) பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். ஆன்லைன்ல தேடிப் பாத்தா டைனோசர் பல்லு, அம்மோனைட் இதுக்கெல்லாம் ரிவ்யூ கொட்டிக் கெடக்குது, மீன் ஃபாசில் காஸ்ட்டுக்கு மட்டும் "நல்லா இருக்கு, பார்சல் சீக்கிரம் வந்துச்சு"ங்குறதுக்கு மேல யாரும் ஒரு வரி எழுதல. டியூட்டியெல்லாம் சேத்து 16,000 ரூபா கிட்ட ஆகுற பொருளுக்கு அது பத்தாது. கடை பேரு வேணாம், வெளிநாட்டு ஆன்லைன் கடை, பாக்க இதே மாதிரி இருக்குற காஸ்ட் வேற இடங்கள்லயும் விக்கிறாங்க, அதனால பொருளப் பத்தி மட்டும் பேசுவோம்.

பெட்டிக்குள்ள இருந்தது இதுதான்: நிஜ அளவுல மண்டை ஓடு, கீழ்த்தாடை தனியா கழட்டி மாட்டுற மாதிரி. நெஞ்சுத் துடுப்போட எலும்புக்கூடு, ஒரு பலகையில ஒட்டினது. லேமினேட் பண்ண ஒரு தகவல் அட்டை. கூடவே இலவசமா ஒரு சாண் நீளத்துக்கு முழு உடம்பு பொம்மை. மண்டை ஓடு அருமை, துடுப்பு பரவால்ல, அட்டையும் பொம்மையும் கிளாஸுக்குள்ள வரவே கூடாது. அவசரத்துல இருக்கறவங்களுக்கு இது போதும், மத்தவங்களுக்கு ஏன்னு சொல்றேன்.

நான் எந்தக் காஸ்ட்டையும் ஒரே ஒரு விஷயத்த வச்சுதான் பாப்பேன். ஒரு புது மீன் ஃபாசில் கெடச்சா அத விவரிக்கிறவங்க எலும்புல இருக்குற அடையாளங்கள ஒண்ணொண்ணா எழுதி, இது யாரோட சேரும், யாருக்குப் பக்கத்துல வைக்கணும்னு முடிவு பண்றாங்க இல்லையா, அந்த அடையாளங்கள் காஸ்ட்லயும் கண்ணுக்குத் தெரியணும், கைக்குத் தட்டுப்படணும். பசங்க அந்த காஸ்ட்ட கையில வச்சுகிட்டே "ஓ, இதனாலதான் இங்க வச்சாங்களா"ன்னு கேக்கணும். அது நடக்கலன்னா எவ்ளோ அழகா பெயின்ட் அடிச்சிருந்தாலும் ஷோகேஸ் பொருள்தான்.

டிக்டாலிக்க ஏன் தேர்ந்தெடுத்தேன்னா, ஒரு மீன எப்படித் தேடுறாங்க, எப்படி விவரிக்கிறாங்க, எப்படி வகைப்படுத்துறாங்கன்னு ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் சொல்லிக்குடுக்க இதவிடத் தெளிவான கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. இதக் கண்டுபிடிச்ச ஆய்வாளர்கள் டெட் டேஷ்லர், நீல் ஷூபின், ஃபேரிஷ் ஜென்கின்ஸ் இவங்க எதேச்சையா போய் தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கல. பேண்டரிக்திஸ் மாதிரி மீன்கள் ஏறக்குறைய 38 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருக்கு, அகாந்தோஸ்டெகா மாதிரி விரல் வச்ச நாலுகால் உயிரினங்கள் ஏறக்குறைய 36.5 கோடி வருஷத்துல வந்துடுது, அப்போ நடுவுல இருக்குற காலத்துப் பாறை வேணும், அதுவும் ஆத்து வண்டல் படிஞ்ச பாறையா இருக்கணும், அது மண்ணு மரம் மூடாம வெளிய தெரியணும், வேற யாரும் முதுகெலும்பிக்காகத் தோண்டாத எடமா இருந்தா இன்னும் நல்லது. இப்படி யோசிச்சு யோசிச்சுத்தான் கனடாவோட ஆர்க்டிக் பக்கம் போனாங்க. 1999ல மொதல்ல போன இடத்துப் பாறை ஆழமான தண்ணில படிஞ்சது, சரிப்படல, அதுக்கப்புறம் கிழக்க நகந்து எல்ஸ்மியர் தீவுக்கு வந்தாங்க. 2004 கோடையில ஒரு பாறைச் சரிவுலருந்து தட்டையா ஒரு மூக்கு நுனி மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, மிச்ச உடம்பு உள்ள பாறைக்குள்ள. ஃப்ராம் ஃபார்மேஷன்னு பேரு அந்தப் பாறை அடுக்குக்கு, வயசு 37.5 கோடி வருஷம்னு போடுவாங்க. இன்னிக்கு அது 77 டிகிரி வடக்குல பனி வெளி, ஆனா அந்த மீன் நீந்துன காலத்துல அந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல வெதுவெதுன்னு ஆத்துக் கழிமுகமா இருந்துச்சு. இத எத்தன தடவ சொன்னாலும் எனக்கு அலுக்கல.

சரி, மண்டை ஓட்டுக்கு வருவோம். பசங்க கையில குடுத்த உடனே மொதல்ல சொல்றது "மேம், இது முதலை"ங்குறதுதான். சொல்லட்டும், நான் மறுக்க மாட்டேன், ஏன்னா மூக்கு நீண்டு தலை தட்டையாகி ரெண்டு கண்ணும் பக்கவாட்டுல இல்லாம மேல வந்து உக்காந்திருக்கு, அது காஸ்ட்ல பளிச்சுன்னு இருக்கு. அப்புறம் கண்ண மூடிகிட்டு கட்டைவிரல மூக்கு நுனியிலருந்து பின்னாடி இழுத்துட்டுப் போகச் சொல்வேன். மொதல்ல சொரசொரன்னு எலும்புத் தட்டுகள், அப்புறம் புருவம் மாதிரி ரெண்டு மேடு, அதத் தாண்டி கண்குழி, கண்ணுக்குப் பின்னாடி போனா மண்டையோட ஓரத்துல அகலமா ஒரு வெட்டு, விரல் அப்படியே உள்ள போய் நிக்கும். அதான் ஸ்பைராகிள் வெட்டு. காத்து இழுக்க உதவியிருக்கலாம்னு சொல்ற அந்த வழி இவ்ளோ அகலமா இருக்குறது இந்த மீனோட முக்கியமான அடையாளம். இத அச்சுல விடாம எடுத்திருக்காங்க, ஓரம் கூட கூர்மையா இருக்கு, விலை கம்மியான காஸ்ட்கள்ல இங்கதான் ரெசின் அடைச்சு மொழுக்குன்னு ஆயிடும்.

அடுத்தது இல்லாத எலும்பு. போன செமஸ்டர்ல ஒரு பையன் காஸ்ட்ட நாலு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "மேம், செவுள் மூடி ஒடஞ்சு போச்சா?"ன்னு கேட்டான். எனக்கு அவ்ளோ சந்தோஷம். மார்க்கெட்ல செவுளத் தூக்கிப் பாக்காம நம்ம ஊர்ல யாரும் மீன் வாங்குறது இல்ல, அதனால தலைக்குப் பின்னாடி அந்த மூடி இல்லன்னா நம்ம கண்ணுக்கு ஒடனே ஒறுத்தும். ஒடையல தம்பி, அந்த மீனுக்கே அது இல்லன்னு சொன்னேன். செவுள் மூடி எலும்புகளும் தலையத் தோள்பட்டையோட கட்டிப் போடுற எலும்புகளும் டிக்டாலிக்ல இல்ல, அதனால தலை தோள்லருந்து விடுபட்டு தனியா அசையும், அதாவது கழுத்து. சாதாரண மீனுக்குத் தலையத் திருப்பணும்னா உடம்பையே திருப்பணும். இப்படி ஒரு எலும்பு இல்லாமப் போறதும் வகைப்படுத்துறதுல ஒரு அடையாளம்தான்னு புக்ல படிச்சா பசங்க மண்டையில ஏறாது, கையில பின்பக்கம் வெறுமையா இருக்கறதப் பாத்தா ஏறுது. காஸ்ட் பண்ணவங்க இந்தப் பின் ஓரத்த அழகுக்காக எதையும் சேக்காம அப்படியே விட்டதுக்கு நன்றி சொல்லணும்.

ஆனா செவுள் மூடி போச்சுன்னா செவுளே போச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள செவுள் வளைவு எலும்புகள் நல்லாவே இருக்கு, அது தண்ணியிலயும் மூச்சு விட்டிருக்கும். இந்த இடத்துலதான் காஸ்ட் கைவிடுது. கீழ்த்தாடையக் கழட்டுனா மேலண்ணத்துல பெரிய கோரைப்பல்லுங்க தெரியுது, தாடை உள்பக்கம் இன்னொரு வரிசை பல்லு தெரியுது, இதெல்லாம் மீன் குணம், சூப்பர். அதுக்குப் பின்னாடி மூளைப்பெட்டி இருக்குற பக்கம் முழுசும் தட்டையா அடைச்சிட்டாங்க. இது பெரிய இழப்பு. 2008ல இந்த மூளைப்பெட்டிய மட்டும் தனியா விவரிச்சு நேச்சர்ங்குற அறிவியல் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ஹையோமாண்டிபுலாங்குற எலும்பு பழைய மீன்கள்ல இருக்கறத விட சின்னதாகிப் போச்சுன்னு காட்டினாங்க. மீன்ல தாடையையும் செவுள் மூடியையும் தாங்குற அதே எலும்புதான் பின்னாடி நம்ம காதுக்குள்ள ஸ்டேபிஸ் எலும்பா மாறுது. இத காஸ்ட்ல விரல் வச்சுக் காட்ட முடிஞ்சா எப்படி இருந்திருக்கும்! இப்ப நான் போர்டுல படம் போட்டுத்தான் சமாளிக்கிறேன். 2021ல சிடி ஸ்கேன் வச்சுப் பண்ண வேலையில மண்டையோட தட்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் நகர்ற மாதிரி இருந்துச்சு, கார் (gar)ங்குற நீள மூக்கு மீன் மாதிரி கடிக்கவும் செஞ்சிருக்கும் தண்ணியோட உறிஞ்சவும் செஞ்சிருக்கும்னு சொன்னாங்க, அந்த மூட்டுகளும் இந்த காஸ்ட்ல தெரியாது, ஆனா அத இந்த விலைக்கு எதிர்பாக்கறது நியாயம் இல்ல.

துடுப்பு. இதுல எனக்கு ரெண்டு மனசு. மேல் கை எலும்பு ஹியூமரஸ், அதுக்கப்புறம் முன்கை எலும்புகள் ரேடியஸ், அல்னா, அதுக்கும் அப்புறம் மணிக்கட்டு இருக்குற எடத்துல சின்னச் சின்ன எலும்புகள், இந்த வரிசை சரியா இருக்கு, ஒவ்வொண்ணும் தனித்தனியா செதுக்குன மாதிரி தெளிவா இருக்கு. ஹியூமரஸ் மேல தசை ஒட்டுற வரம்புகளத் தடவிப் பாக்கலாம், தரையில ஊனி உடம்பத் தூக்கியிருக்க முடியும்னு சொன்னதுக்கு ஆதாரமே அந்த மாதிரி எடங்கள்தான். ஆனா பெயின்ட் அடிச்சவங்க நுனியில இருக்குற எலும்புகளுக்கு வேற கலர் குடுத்து விரல் மாதிரி பிரிச்சுக் காட்டியிருக்காங்க. டிக்டாலிக்ல விரல் கெடையாது. எலும்புகளச் சுத்தி மீன் துடுப்புக்கு இருக்குற மாதிரி துடுப்புக் கதிர்கள் இருந்துச்சு, 2020ல அந்தக் கதிர்கள ஸ்கேன் பண்ணிப் பாத்தப்போ மேல்பக்கம் உள்ளது பெருசாவும் கீழ்ப்பக்கம் உள்ளது சின்னதாவும் இருந்துச்சு, அதனால அடிப்பக்கம் சதைப்பிடிப்பா இருந்திருக்கும்னு சொல்றாங்க. அந்தக் கதிர்கள இந்தப் பலகையில மொத்தமா விட்டுட்டாங்க. கதிர எடுத்துட்டு எலும்ப மட்டும் கலர் அடிச்சா பாக்கறவனுக்குக் கைன்னுதான் தோணும், துடுப்புன்னு தோணாது. பாதி மீன் அடையாளம் பாதி நாலுகால் அடையாளம்ங்குற அந்தக் கலவையக் காட்டத்தானே இத வாங்குறோம், அதுல ஒரு பாதிய அழிச்சா எப்படி?

அட்டை. இத நான் கிளாஸ்ல ஒட்டவே இல்ல. கண்டுபிடிச்சது 2006ன்னு போட்டிருக்கு, கண்டுபிடிச்சது 2004, விவரிச்சு வெளியிட்டதுதான் 2006 ஏப்ரல். இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, நடுவுல இருக்குற அந்தக் காலத்துலதான் முழு வேலையும் இருக்கு. பாறையோட வெட்டி பிளாஸ்டர் கட்டு போட்டு ஊருக்குக் கொண்டு வந்து, பிரிப்பரேட்டர்ங்க மைக்ராஸ்கோப்புக்குக் கீழ ஊசியால துகள் துகளா பாறைய எடுத்து எலும்ப வெளிய கொண்டு வந்தாங்க, மாசக்கணக்குல. அதுக்கப்புறம் கெடச்சதுல எந்த ஒரு எலும்புக்கூடு அந்தப் பேருக்கு அடையாளமா நிக்கும்னு முடிவு பண்ணணும், அதான் ஹோலோடைப், டிக்டாலிக்குக்கு அதோட நம்பர் என்யுஎஃப்வி (NUFV) 108. இனி உலகத்துல யாரு எங்க ஒரு எலும்ப எடுத்து இதுவும் டிக்டாலிக்னு சொன்னாலும் இந்த ஒண்ணோடதான் ஒப்பிட்டுப் பாக்கணும். அந்த நம்பர் அட்டையில இல்ல. எந்தப் பாறை அடுக்குன்னு இல்ல. பேரு, எல்ஸ்மியர் தீவு இருக்குற நூனவுட் பகுதியோட பழங்குடிகளான இனுயிட் பெரியவங்க கொடுத்ததுங்குறதும் இல்ல, அந்த நிலத்துலருந்து எடுத்த எலும்பு நூனவுட் மக்களுக்குச் சொந்தம்ங்குறதும் இல்ல. சிற்றினப் பேரையும் பெரிய எழுத்துல ஆரம்பிச்சு அடிச்சிருக்காங்க, முதல் வருஷப் பசங்களுக்கே அதுக்கு மார்க் கொறைப்போம்.

இதையெல்லாம் கூட விட்டுடலாம், ஆனா பெரிய எழுத்துல "நாலுகால் உயிரினங்களின் நேரடி மூதாதை"ன்னு போட்டிருக்காங்க பாருங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல. 2006 கட்டுரையில அப்படிச் சொல்லல. அவங்க பண்ணது அடையாளங்கள எல்லாம் அட்டவணை போட்டு, யூஸ்தெனாப்டெரான்ங்குற பழைய மீன், பேண்டரிக்திஸ், அகாந்தோஸ்டெகா இவங்களோடல்லாம் ஒப்பிட்டு, எந்தக் கிளை அமைப்பு கம்மி மாற்றத்துல பொருந்துதுன்னு பாத்தாங்க. அதுல டிக்டாலிக் சதைத் துடுப்பு மீன்கள்ல நாலுகால் பக்கத்துக்கு ரொம்ப நெருங்குன கிளைன்னு வந்துச்சு. நெருங்குன கிளைன்னா பெரியப்பா வீட்டு ஆளு மாதிரி, நேரா தாத்தான்னு சொல்ல முடியாது. போலந்துல ஸாகெல்மியேங்குற எடத்துல டிக்டாலிக்க விட ஒரு கோடி வருஷத்துக்கும் மேல பழைய பாறையில நாலுகால் தடங்கள் இருக்குன்னு 2010ல வெளியிட்டாங்க, அது நெஜமாவே கால்தடம்தானான்னு கேள்வி கேக்குறவங்க இருக்காங்க, ஆனா அது சரின்னா டிக்டாலிக் நேரடி மூதாதையா இருக்கவே முடியாது. அப்பவும் டிக்டாலிக்கோட மதிப்பு கொறையாது, எந்த அடையாளம் எதுக்கு முன்னாடி வந்துச்சுன்னு அதோட உடம்பு காட்டுது இல்ல.

வகைப்படுத்துறது எவ்ளோ நிதானமா பண்ண வேண்டிய வேலைன்னு காட்ட நான் அட்டைக்குப் பதிலா எல்பிஸ்டோஸ்டெகிங்குற இன்னொரு ஃபாசிலோட கதையச் சொல்வேன். கனடாவோட கியூபெக்ல மிகுவாஷாங்குற எடம். 1938ல வெஸ்டால்ங்குற ஆய்வாளர் ஒரு மண்டை ஓட்டு மேல்தட்டு துண்ட மட்டும் வச்சு அதுக்குப் பேரு வச்சாரு, பாக்க நாலுகால் உயிரினத்தோட மண்டை மாதிரியே இருந்துச்சு. 1985ல வேற துண்டுகளையும் சேத்துப் பாத்துட்டு இல்லப்பா இது மீன்னு சொன்னாங்க. அப்புறம் 2010ல அதே எடத்துல 1.57 மீட்டர் நீளத்துக்கு முழு உடம்பே கெடச்சு, 2020ல அத விவரிச்சப்போ துடுப்புக்குள்ள விரல் எலும்பு வரிசை இருக்குன்னு ஸ்கேன்ல காட்டினாங்க, ஆனா வெளிய இன்னும் துடுப்புக் கதிர்தான். அதே உயிரினம், மாறினது நம்ம கையில இருந்த எலும்போட அளவு. டிக்டாலிக்கோட நெருங்குன சொந்தக்காரன் இது. பசங்க இந்தக் கதையக் கேட்டுட்டு துடுப்புப் பலகையத் திரும்ப எடுத்துப் பாத்து, "அப்போ மேம், இந்தக் கலர் அடிச்சது எல்பிஸ்டோஸ்டெகியப் பாத்தா?"ன்னு கேட்டாங்க. அப்படிக் கூட இருக்கலாம், ஆனா அட்டை அதச் சொல்லலையே.

பொம்மையப் பத்தி ரெண்டு வரி போதும். பின்னுடம்பு, வால், பின்துடுப்பு எல்லாத்தையும் ஒரே உறுதியோட செஞ்சு பச்சை பெயின்ட் அடிச்சிருக்காங்க. 2006ல விவரிச்சப்போ கையில இருந்தது முன்பாதிதான். இடுப்பெலும்பு 2014ல தான் வெளிய வந்துச்சு, தோள்பட்டை அளவுக்குப் பெருசா, ஆழமான குழியோட, யாரும் அவ்ளோ பெருச எதிர்பாக்கல. 2024ல விலா எலும்புகள வச்சு அந்த இடுப்பு முதுகெலும்போட சதைவழியா பிணைஞ்சிருக்கும்னு சொன்னாங்க. பொம்மையில பின்துடுப்பு சுண்டைக்காய் மாதிரி இருக்கு, பழைய படத்தப் பாத்து செஞ்சது. வீட்டுல குழந்தைங்க இருந்தா குடுத்துடுங்க.

வாங்கப் போறவங்களுக்கு. ரெசின் கனமான ரகம், மண்டை ஓட்டுல ஒட்டுக்கோடு அடிப்பக்கம் மறைவா இருக்கு, குமிழ் ஓட்டை ஒண்ணு ரெண்டு மூக்கு நுனியில இருந்துச்சு, பாதிப்பு இல்ல. கலர் பழுப்பு, கொஞ்சம் வழவழப்பு அதிகம், டியூப் லைட்டுக்குக் கீழ பளபளன்னு அடிக்கும், பக்கவாட்டுலருந்து டார்ச் அடிச்சுக் காட்டுங்க, எலும்புத் தட்டுகளோட மேடு பள்ளம் அப்பத்தான் எழுந்து நிக்கும். கீழ்த்தாடை மாட்டுற கம்பி மெல்லிசு, முப்பது பசங்க கைமாத்துனா வளையும், நாங்க எடுத்துட்டு காந்தம் வச்சு ஒட்டிட்டோம். பேக்கிங் நல்லா இருந்துச்சு, ஆனா துடுப்புப் பலகைய மண்டை ஓட்டு மேலயே வச்சு அனுப்பறாங்க, தனித்தனியா சுத்தச் சொல்லி ஆர்டர்லயே எழுதிடுங்க.

செட்டா வாங்கறத விட மண்டை ஓடு மட்டும் தனியாத் தருவாங்களான்னு கேளுங்க, எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, தனியாவும் விக்கிறாங்க, பாதி விலைக்குக் கொஞ்சம் மேல வரும். துடுப்புக்குப் பதிலா சிகாகோ பல்கலைக்கழகம் டிக்டாலிக்குக்குன்னே வச்சிருக்குற தளத்துல இருக்குற படங்களப் போட்டுக் காட்டலாம், அதுக்குக் காசு இல்ல. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கண்ணுக்குப் பின்னாடி இருக்குற அந்த வெட்டையும் மண்டையோட பின் ஓரத்தையும் பக்கத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அந்த ரெண்டு எடமும் அடையாம இருந்தா வாங்கிடலாம்.